குளத்துக்கு மூடி போட்ட கதை

எங்கள் வீட்டில் மீன் செத்தால் அம்மா தலை முழுகுவாள்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. விடியற்காலையில் கோலம் போடுவதற்காகக் கூடத்து விளக்கைப் போடுவாள். ஜன்னலோரம் தரையில், விரல் நீளத்துக்கு ஒரு மீன் செத்து ஒட்டிக் கிடக்கும். அவள் சத்தம் போடமாட்டாள். பழைய காலண்டர் தாளைக் கிழித்து வந்து, கை படாமல் அதைத் தள்ளி எடுத்து, கொல்லையில் முருங்கை மரத்தடியில் புதைப்பாள். பிறகு நேராகக் கிணற்றடி. முழுகிவிட்டு ஈரத் தலையோடு என் கட்டில் பக்கத்தில் வந்து நிற்பாள். கூந்தலிலிருந்து சொட்டுகிற தண்ணீர் என் கன்னத்தில் விழுந்துதான் நான் கண் விழிப்பேன். விழித்ததுமே தெரிந்துவிடும், ஒன்று போயிற்று என்று.

"வீட்டுல சாவு விழுந்தா முழுகணும்ல?" என்பாள். அவ்வளவுதான் பேச்சு. மற்றதையெல்லாம் காபித் தம்ளரை வைக்கிற வேகம் சொல்லும்.

எண்பதுகளின் கடைசி அது. கிழக்குத் தாம்பரம் தாண்டி சேலையூர்ப் பக்கம், வீடுகளைவிடக் காலி மனைகள் அதிகமாக இருந்த ஒரு காலனியில் அப்பா, அம்மா, நான் என்று மூன்று பேர். எனக்குக் கிண்டியில் ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்ட் வேலை. எங்கள் வீடு சுத்த சைவம். கேக்கில் முட்டை இருக்குமோ என்று பிறந்தநாள் வீடுகளுக்கே போகாதவள் அம்மா. தாம்பரம் மார்க்கெட்டில் மீன்காரர்கள் உட்காரும் வரிசையைத் தவிர்ப்பதற்காக ஒரு தெரு சுற்றிக்கொண்டு போய்க் கத்தரிக்காய் வாங்குவாள். அப்படிப்பட்ட வீட்டுக்குள் மீனைக் கொண்டு வந்தது நான்.

ஒரு கார்த்திகை மாத மழையில் ஏரி நிரம்பி, உபரித் தண்ணீர் காலி மனைகளுக்கு நடுவே ஓடையாக ஓடியது. முட்டியளவு தண்ணீர், அடிமணல் தெரிகிற தெளிவு. அதில் பொடி மீன்கள் ஓட்டத்தை எதிர்த்து மேலே மேலே ஏறிக்கொண்டிருந்தன. வெள்ளி உடம்பு, பக்கத்தில் நீலமாக ஒரு கோடு. எங்கேயாவது ஒரு செங்கல் குறுக்கே கிடந்து தண்ணீர் சின்னதாக விழுந்தால் போதும், வரிசையில் நிற்பதுபோல் நின்று, ஒவ்வொன்றாக எகிறித் தாண்டின. குடையைப் பிடித்துக்கொண்டு நான் எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. பிறகு வீட்டுக்கு ஓடிப்போய்க் கைக்குக் கிடைத்ததை எடுத்துவந்து ஏழெட்டு மீன்களை அள்ளினேன். கைக்குக் கிடைத்தது அம்மாவின் மாவுச் சல்லடை.

அந்தச் சல்லடைக்குச் சமையலறையில் அன்றோடு அனுமதி ரத்து. கிணற்றடிச் சுவரில் ஆணி அடித்து அதை மாட்டிவிட்டாள். மாவு சலிக்கப் புதுச் சல்லடை வந்தது.

ஆபீஸில் மாற்றலாகிப் போன ஒருவர் எனக்குக் கொடுத்துவிட்டுப் போன கண்ணாடித் தொட்டி ஒன்று சும்மா கிடந்தது. மணல் போட்டு, ஓடையிலிருந்தே செடியும் பிடுங்கி வந்து நட்டு, மீன்களை விட்டேன். கூடத்து ஜன்னலோரம் ஒரு ஸ்டூலின் மேல் அது உட்கார்ந்தது. அந்த வீட்டில் எனக்கென்று ஒரு மூலை அதுவரை இருந்ததில்லை. பகல் முழுக்க யாரோ எழுதியதைத் தட்டச்சு அடித்துவிட்டு, ரயிலில் யார் யாருடைய முழங்கைகளையோ வாங்கிக்கொண்டு வீடு வந்து, அந்தத் தொட்டியின் முன்னால் கால் மடக்கி உட்கார்ந்தால்தான் அந்த நாள் என்னுடையதாகும். அந்த மீன்களை நான் மிகவும் நேசித்தேன். இதை அப்போது யாரிடமாவது சொல்லியிருந்தால் எனக்கு உடனே மாப்பிள்ளை பார்த்திருப்பார்கள்.

சிக்கல் என்னவென்றால், மீன்களுக்கு என்னோடு இருப்பதில் அத்தனை விருப்பமில்லை. கடையில் விற்கிற தங்கமீன் உட்காரச் சொன்னால் உட்காரும் ரகம். ஓடையில் பிறந்தது அப்படியல்ல. அது ஏறப் பிறந்தது, எகிறப் பிறந்தது. முதல் வாரத்திலேயே ஒன்று தரையில் கிடந்தது.

மூடி போடத் தொடங்கினேன். முதலில் காலண்டர் அட்டை. இரண்டு நாளில் ஈரத்தில் அப்பளம் மாதிரி வளைந்து, ஓரத்தில் வழிவிட்டது. பிறகு கொசுவலைத் துண்டை மேலே விரித்து நாலு மூலைக்கும் புளியங்கொட்டைப் பை கட்டினேன். ஒரு பை நழுவித் தண்ணீரில் விழுந்து தண்ணீரே ரசமாகிவிட்டது. மீன் அந்த மூலை வழியாகவே போயிற்று.

கடைசியில் அரை நாள் லீவு போட்டுவிட்டுப் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போனேன். பழைய ஜன்னல் கண்ணாடிகளைச் சாய்த்து வைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். அளவைச் சொன்னேன்.

"மீன் தொட்டிக்கு மூடியா? இன்னாம்மா, பூனை கீதா வூட்ல?"

பூனை உள்ளே வருவதில்லை, மீன்தான் வெளியே வருகிறது என்றேன்.

அவர் கண்ணாடி அறுப்பதை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்போ ஒரு பூட்டும் வாங்கிகினு போம்மா" என்றார்.

கண்ணாடியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மின்சார ரயிலில் ஏறினேன். அன்றைக்கு ஒருவர்கூட என் மேல் சாயவில்லை. வாழ்நாள் முழுக்கக் கண்ணாடியோடு பிரயாணம் செய்யலாம் என்று தோன்றியது.

கண்ணாடி மூடியும் தோற்றது. காற்று மோட்டாரின் குழாய் உள்ளே போவதற்காக ஒரு மூலையை அறுக்கச் சொல்லியிருந்தேன். நாலு விரல் நுழைகிற இடைவெளி. அத்தனை பெரிய கண்ணாடியை விட்டுவிட்டு, அந்த நாலு விரல் இடைவெளியைக் குறிபார்த்து ஒரு மீன் வெளியே வந்தது. அப்பா அந்த இடைவெளியைக் குனிந்து பார்த்துவிட்டு, இவ்வளவு கெட்டிக்காரத்தனம் தன் ஆபீஸில் ஒருத்தனுக்கு இருந்திருந்தால் தான் நிம்மதியாக ரிட்டயர் ஆகியிருக்கலாம் என்றார். செத்த மீன்களை அவர் தியாகிகள் என்றுதான் குறிப்பிடுவார். இவருக்குப் பதினாறாம் நாள் உண்டா, பத்தாம் நாளோடு சரியா என்று அம்மாவிடம் கேட்டு வாங்கிக் கட்டிக்கொள்வார்.

அன்று காலைதான் அம்மா அந்த வார்த்தையைச் சொன்னாள். ஈரத் தலையைத் துண்டால் தட்டிக்கொண்டே, குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

"இன்னொரு மீன் இந்த வீட்டுத் தரையில செத்துக் கெடந்துச்சுன்னா, அன்னைக்கே இந்தத் தொட்டி வெளிய போயிடும். சொல்லிட்டேன்."

எங்கள் அம்மா சொன்னால் செய்கிறவள். சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்று தோலைக் கீழே போடாதீர்கள் என்று அப்பாவிடம் ஒரு முறை சொன்னாள், இரண்டு முறை சொன்னாள். மூன்றாம் முறை அப்பா ஆபீஸிலிருந்து வந்தபோது நாற்காலி இல்லை. பழைய சாமான்காரர் தள்ளுவண்டியில் போய்விட்டிருந்தது. அந்த இடத்தில் அப்பா அன்றிலிருந்து பாயில்தான் உட்காருகிறார் என்பதை அந்த நேரத்தில் நானும் நினைத்துப் பார்த்தேன், அப்பாவும் நினைத்துப் பார்த்தார்.

அதன்பின் நான் தொட்டியைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஒரு நாள் காய்ச்சலில் லீவு போட்டுவிட்டு விடியற்காலையிலேயே கூடத்தில் படுத்திருந்தேன். அம்மா எழுந்து வழக்கம்போல் கிணற்று மோட்டாரைப் போட்டுவிட்டுப் பூஜை அறைக்குப் போனாள். மொட்டைமாடித் தொட்டி நிரம்பியது. நிரம்பி வழிந்தது. வழிகிற குழாய் எங்கள் ஜன்னலுக்கு நேர் வெளியே சிமெண்டுத் தரையில் தண்ணீரைக் கொட்டுகிற மாதிரி வைத்திருந்தார் வீடு கட்டிய மேஸ்திரி. அந்தச் சத்தம் தொடங்கியதும் தொட்டிக்குள் அத்தனை மீனும் ஜன்னல் பக்கம் திரும்பின. வரிசையில் நின்றன. ஓடையில் செங்கல்லுக்கு முன்னால் நின்றதைப் போலவே நின்றன. பிறகு டொக், டொக் என்று கண்ணாடி மூடியில் ஒவ்வொன்றாக மோதின.

எனக்குக் காய்ச்சலே விட்டுப்போயிற்று. பாவம், அவற்றுக்கு எங்கேயோ மேலே தண்ணீர் விழுகிறது, ஏற வேண்டும். ஏறிக் கூடத்துத் தரைக்கு வந்து சேர்ந்தன.

அம்மாவிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். தினமும் தொட்டி வழிய வழிய மோட்டாரை ஓட விடுவதால்தான் மீன் குதிக்கிறது என்று சொன்னேன். இதைவிட நாசூக்காகச் சொல்லியிருக்கலாம்.

"நான் மோட்டார் போட்டா உன் மீன் சாகுதா? நல்லா இருக்குதுடி நியாயம்" என்றாள். அதோடு அந்த விசாரணை முடிந்தது. மோட்டார் வழக்கம்போல் வழிய வழிய ஓடியது. குழாய்ச் சந்தில் நான் பஞ்சை அடைத்தேன், தண்ணீர் மட்டத்தை ஒரு சாண் இறக்கினேன். எகிறினாலும் சுவரில் மோதி உள்ளேயே விழுகிற உயரம். சாவு நின்றது. மிஞ்சியவை நான்கு.

அப்படியே நவராத்திரி வந்தது.

முந்தைய வருஷம் எதிர்வீட்டு அக்கா தன் கொலுவில் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் இரண்டு சிவப்பு மீன் விட்டிருந்தார். தெருவே அதைத்தான் பேசியது. எங்கள் வீட்டு ஒன்பது படியையும் சுண்டலையும் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதை அம்மா மறந்துவிட்டாள் என்று நினைத்திருந்தேன். கொலுவுக்குப் படி கட்டுகிற அன்று, டிரங்குப் பெட்டிகளின் மேல் வெள்ளை வேட்டி விரித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல், அந்த மீனுங்க சும்மாதானே சுத்திக்கிட்டு இருக்குது என்றாள்.

எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். மூடியோடு தொட்டியை அப்படியே கொலுவுக்குப் பக்கத்தில் வைத்துவிடலாம் என்றேன். அம்மா என்னை உலகம் தெரியாதவளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"குளம்டி. படிக்குக் கீழ பார்க்கு, பார்க்குல குளம். குளத்துக்கு யாராவது மூடி போடுவாங்களா?"

ஆகவே குளம் வெட்டினோம். வாய் அகன்ற பித்தளைக் குண்டானைத் தரையில் வைத்து, சுற்றிலும் மணலைக் குவித்து, விளிம்பு மட்டும் தெரிகிற மாதிரி செய்தோம். மணலில் கடுகு தூவி முளைக்க வைத்த பச்சை. கரையில் பிளாஸ்டிக் மாடு. கீழ்ப்படியில், குளத்தைப் பார்த்தபடி, செட்டியாரும் செட்டிச்சியும் கடை பரப்பி உட்கார்ந்தார்கள். அவர்கள் முன்னால் கிண்ணங்களில் நிஜ அரிசியும் பருப்பும். நான் குண்டானில் பாதித் தண்ணீர் மட்டும் விட்டு, ஒவ்வொரு மீனாக மாற்றினேன். பாதிக்கு மேல் ஒரு சொட்டு கூடாது என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் ஆபீஸுக்குப் போவேன். ராத்திரி பொம்மைக்கு ஆரத்தி எடுத்ததும் மீன்களைத் தொட்டிக்குத் திருப்பிவிடுவேன்.

முதல் சில நாட்கள் பெரும் புகழ். கடையில் வாங்கியதில்லை, நம்ம ஏரித் தண்ணியில வந்தது என்று அம்மா எல்லோருக்கும் சொன்னாள். பிடித்தது யார் என்று சொன்னதாக நினைவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. அம்மாவுக்கு அன்று விரதம். சாயங்கால ஆரத்தி முடியும்வரை பச்சைத் தண்ணீர்தான். நான் ஆபீஸிலிருந்து வருவதற்குள் கூடம் நிறைந்துவிட்டது. ஜமக்காளத்தில் கால் வைக்க இடமில்லாமல் பட்டுப் புடவைகள். நான் சமையலறை வாசலில் நின்று தொன்னையில் சுண்டல் போட்டுக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு அக்கா கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தார். தலைகளுக்கு மேலே எட்டிக் குளத்தைப் பார்த்தேன். தண்ணீர் விளிம்பு வரை தளும்பிக்கொண்டிருந்தது.

பிறகுதான் அம்மா சொன்னாள். வெள்ளிக்கிழமையும் அதுவுமாகக் குளம் பாதியில் நின்றால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள், குளம் நிறைந்திருந்தால்தான் வீடு நிறையும் என்று, செம்பு செம்பாக அவளே ஊற்றியிருக்கிறாள்.

நான் அங்கே போக வழி தேடிக்கொண்டிருக்கும்போதே மழை பிடித்தது. ஐப்பசிக்கு முன்னதாகவே வந்துவிட்ட மழை. மொட்டைமாடித் தண்ணீர் வடிகுழாய் வழியாக ஜன்னலுக்கு வெளியே சிமெண்டில் விழத் தொடங்கியது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். குண்டானுக்குள் நாலும் இப்போது வரிசையில் நிற்கும்.

முதல் மீன் வெள்ளியாக எழும்பி, குத்துவிளக்கு வெளிச்சத்தில் ஒரு மின்னு மின்னி, செட்டியாரின் அரிசிக் கிண்ணத்தில் விழுந்தது.

பாட்டு உச்சத்தில் நின்றது. முன்வரிசை மொத்தமும் புடவையைச் சுருட்டிக்கொண்டு பின்னால் சாய, பின்வரிசை எழுந்து நிற்க, எனக்கு முன்னால் ஒரு பட்டுச் சுவர். எத்தனை முழங்கைகளை இடித்தும் என்னால் நகர முடியவில்லை. மீன் அரிசியில் துள்ளிப் படியிலிருந்து தரைக்கு விழுந்தது. தரையில் இன்னொரு மீன். தொட்டி போயிற்று என்று நினைத்தேன். அந்த நேரத்திலும் எனக்குத் தொட்டிதான் நினைவுக்கு வந்தது. அழுகை வந்துவிட்டது.

மீனுக்குப் பக்கத்தில் இருந்தது அம்மா ஒருத்திதான். குளித்து, விரதமிருந்து, மஞ்சள் பூசிய கையில் ஆரத்தித் தட்டோடு நின்றிருந்தாள். குனிந்து மீனைப் பார்த்தாள். தட்டைப் படியின் மேல் வைத்தாள். இரண்டு கையையும் குவித்து, அரிசி ஒட்டிக்கிடந்த மீனைத் தரையிலிருந்து அள்ளினாள். அது கைக்குள் அடித்துக்கொண்டது. அவள் முகம் ஒரு மாதிரி கோணியது, ஆனால் கை விடவில்லை. குண்டானுக்குள் கையை முக்கித் திறந்தாள். மீன் நீந்திப் போய்விட்டது.

அதோடு நிற்கவில்லை. வெளியே தண்ணீர் விழுகிற ஜன்னலைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு என்னைத் தேடிப் பார்த்தாள். தன் கல்யாணப் பட்டின் முந்தானையை உருவி, இரண்டு முனையையும் பிடித்துக் குளத்தின் மேல் இறுக்கிப் பிடித்துக்கொண்டு முட்டி போட்டு உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் முந்தானையின் நடுவில் அடியிலிருந்து டொக் என்று ஒரு குத்து. இன்னொரு குத்து. அம்மா சிரித்துவிட்டாள்.

"நீ ஏன்மா நிறுத்திட்டே? பாடு" என்றாள் எதிர்வீட்டு அக்காவிடம்.

மழை விடும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள். ஆரத்தியை அன்று அப்பாதான் எடுத்தார். செட்டியார் கடையில் மீனும் கிடைக்கும் என்று தெரிந்திருந்தால் கூட்டம் இன்னும் வந்திருக்கும் என்று அவர் சொன்னதற்கு மட்டும் அம்மா திரும்பி ஒரு பார்வை பார்த்தாள்.

எல்லோரும் போனபிறகு கிணற்றடியில் வெந்நீர் விளாவி வைத்துவிட்டு அம்மாவைக் கூப்பிட்டேன். மீனைத் தொட்டிருக்கிறாள், அதுவும் விரத நாளில். முழுகாமல் எப்படிச் சாப்பிடுவாள்? அவளோ சமையலறையில் உட்கார்ந்து தயிர்சாதம் பிசைந்துகொண்டிருந்தாள்.

"தலை முழுகலையாம்மா?"

"எதுக்கு? அதுதான் சாகலையே" என்றாள். சோற்றுக் கையை ஒரு நிமிஷம் விரித்துப் பார்த்தாள். "இத்தனூண்டு இருக்குது. என்ன துடிப்புடி அது. கைக்குள்ள நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது."

மறுநாள் சாயங்காலம் நான் வந்தபோது குளத்தின் மேல் ஒரு மூடி இருந்தது. கிணற்றடிச் சுவரில் மாட்டியிருந்த அந்தப் பழைய மாவுச் சல்லடை. விளக்கிப் பளபளவென்று கவிழ்த்து வைத்து, விளிம்பைச் சுற்றிக் கனகாம்பரம் கட்டியிருந்தாள். வந்தவர்கள் கம்பி வலை வழியாகக் குனிந்து பார்த்தார்கள். எங்கள் தெருவில் அடுத்த வருஷம் குளம் வைத்த எல்லா வீட்டிலும் சல்லடை கவிழ்த்துக் கனகாம்பரம் கட்டினார்கள். அதுதான் முறை என்று நினைத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது.

நவராத்திரி முடிந்து மீன்கள் ஜன்னலோரத் தொட்டிக்கே திரும்பின. அதற்கு மறுநாள் விடியற்காலை எனக்குத் தானாக விழிப்புத் தட்டியது. மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டது. தண்ணீர் வழிகிற சத்தத்துக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. எழுந்து போய்ப் பார்த்தேன். அம்மா கோலமாவு டப்பாவை இடுப்பில் இடுக்கிக்கொண்டு மோட்டார் சுவிட்சில் கை வைத்தபடி நின்றிருந்தாள். மொட்டைமாடியில் அப்பா, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, தண்ணீர்த் தொட்டிக்குள் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நெறைஞ்சிடுச்சு, போதும், நிறுத்து" என்று அங்கிருந்து கத்தினார்.

அம்மா சுவிட்சை அணைத்தாள். மாடியை அண்ணாந்து பார்த்து, வாயில் விரலை வைத்தாள்.

"மெதுவா சொல்லுங்க. மீனுங்க தூங்குது."